மிளகு ராணி இறங்கிய இடம்

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு, உங்களுக்கும் இருக்கும். கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டால் வீட்டிலிருப்பவர்கள் பயந்துபோகிறார்கள். மாத்திரை போட்டாயா, தலை சுற்றுகிறதா, யாரிடமாவது கோபமா என்று வரிசையாகக் கேள்வி வரும். அதற்கெல்லாம் வாய் திறந்து பதில் சொல்வதே பெரிய வேலையாகிவிட்டது. அதனால் ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். இது என் அக்காவைப் பற்றியது. அவள் மட்டாஞ்சேரியில் ஒரு பருவம் ராணியாக இருந்தாள். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்.

எங்கள் பஜார் வியாபாரிகளுக்கு அப்போது ஒரு சங்கம் இருந்தது. அதன் தலைவருக்குத் துறைமுகத்தின் பழம்பெருமை என்றால் உயிர். மிளகு இங்கிருந்து கப்பலேறிய கதையை நாளைய பிள்ளைகள் மறந்துவிடுவார்களே என்று அவர் கவலைப்படாத நாள் கிடையாது. அந்தக் கவலைக்கு அவர் கண்டுபிடித்த மருந்து, வருடாவருடம் ஓணம் முடிந்ததும் பஜார் குடும்பங்களிலிருந்து ஒரு பெண்ணைப் பிடித்து 'மிளகு ராணி' என்று பட்டம் கட்டுவது. அவள் தலையில் கிரீடத்தோடு பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டும். கடை திறப்பு, கோடவுன் பூஜை, கப்பலில் வந்திறங்கும் வெள்ளைக்காரர்கள் என்று எல்லா இடத்திலும் நின்று மிளகின் பெருமையை ஒப்பிக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் நடக்கும் ஊர்வலத்தில் முன்னால் வர வேண்டும். அடுத்த ஓணம் வரை பட்டம் அவளுடையது. அதுவரை அவளுக்குக் கல்யாணம் ஆகக்கூடாது, அவளைப் பற்றி ஊரில் ஒரு பேச்சும் எழக்கூடாது. இது சங்கத்தின் விதி.

அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து வற்றல் மிளகாய் மண்டி வைத்தவர். எத்தனை வருடம் ஆனாலும் பஜாரில் அவருக்கு 'பாண்டிக்காரன்', அதாவது தமிழன் என்றுதான் பெயர். சங்கக் கூட்டத்துக்குப் போனால் வாசலோரம் நின்றுவிட்டு வருவார். அந்த ஆண்டு தலைவரே எங்கள் வீட்டு மாடிப்படி ஏறி வந்து, அக்காவைக் கேட்டார். மலையாளம், தமிழ், சேட்டு வீட்டுப் பெண்களோடு பழகிய குஜராத்தி என்று மூன்றும் அவளுக்கு வரும் என்பதுதான் காரணம். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த கூட்டத்தில் அவருக்கு நாற்காலி போட்டார்கள்.

அக்கா சம்மதித்ததற்குக் காரணம் வேறு. அவளுக்குப் பதினெட்டு. ஊரிலிருந்து மாமா முறையில் ஒரு மாப்பிள்ளையை அப்பா ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். அவள் எறணாகுளத்தில் கல்லூரிக்குப் போக ஆசைப்பட்டாள். கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்திருந்தாள். சங்கத்தின் விதியைக் கேள்விப்பட்ட அன்று அவள் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

"ஏட்டி, அடுத்த ஓணம் வரைக்கும் ஒருத்தனும் கல்யாணப் பேச்சு எடுக்க முடியாதுல்லா. அதுக்குள்ள காலேஜ்ல சேந்துட்டேன்னா?"

எனக்கு ஒன்பது வயது. கல்யாணம் ஏன் வேண்டாம் என்று எனக்குப் புரியவில்லை. கல்யாணத்தில் லட்டு உண்டு. ஆனால் அவள் முகம் அன்று இருந்த வெளிச்சத்தில் நானும் தலையாட்டினேன்.

கிரீடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தகரத்தில் வெட்டி, தங்கப் பூச்சு அடித்து, சுற்றிலும் பச்சை ஏலக்காயைக் கோந்து வைத்து ஒட்டியிருந்தார்கள். உள்விளிம்பு நெற்றியை அறுக்கும். அம்மா பழைய வேட்டித் துண்டை மடித்து உள்ளே தைத்துக் கொடுத்தாள். கழுத்தில் மிளகு கோத்த மாலை. அதன் நூல் வாரத்துக்கு ஒருமுறை அறுந்து, மிளகு வீடெல்லாம் உருளும். ஏலக்காய் விழுந்தால் எனக்கு. அந்தப் பருவம் முழுவதும் என் வாயில் ஏலக்காய் மணமும் மூக்கில் அப்பா கடை மிளகாய் நெடியும் இருந்தன. இன்றைக்கும் யாராவது பாயசத்துக்கு ஏலக்காய் தட்டினால் எனக்கு அவளுடைய நெற்றியிலிருந்த சிவப்புக் கோடு ஞாபகம் வரும்.

ராணி வேலை என்றால் ஜாலி என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் காலையில் எழுந்து தண்ணீர் பிடித்து, அம்மாவோடு சேர்ந்து இட்லி அவித்து, என் தலையைப் பின்னி, பிறகு புடவை கட்டிக் கிரீடத்தை வைத்துக்கொண்டு கிளம்புவாள். நான் கூடவே அவளுடைய செருப்பையும் சீப்பையும் ஒரு பையில் தூக்கிக்கொண்டு போவேன். தோப்பும்படியில் ஐஸ் கம்பெனி திறப்பு என்றால் அங்கேயும் மீன் வாடைக்கு நடுவில் நின்று மிளகின் பெருமையைச் சொல்வாள். எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள், எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. சாயங்காலம் வந்ததும் சோறு வடிக்க வேண்டும். ராணி என்பதற்காக வீட்டில் ஒரு பாத்திரம்கூடக் குறையவில்லை. படுக்கையில் என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்வாள்.

"அமுக்கி விடுட்டி. சிரிச்சுச் சிரிச்சு வலிக்குது."

நான் கட்டைவிரலால் அமுக்குவேன். கன்னம் கல்லாக இருக்கும்.

அந்த ஆண்டு தலைவருக்கு இன்னொரு யோசனை வந்தது. ராணி மற்ற வருடங்களில் அலங்கரித்த மாட்டுவண்டியில் வருவாள். இந்த முறை குதிரையில் வரட்டும் என்றார். மட்டாஞ்சேரியில் குதிரைக்கு எங்கே போவது? சேட்டுகளிடம் ஒன்று இருந்தது. வெள்ளைப் பெண்குதிரை. அவர்கள் வீட்டு மாப்பிள்ளைகள் ஊர்வலம் போவதற்கென்றே வளர்த்தது. அந்தக் கல்யாணக் குதிரையைத்தான் சங்கத்துக்கு இரவல் தந்தார்கள். "அதுல ஏறின ஒருத்தனும் கல்யாணம் ஆகாமத் தப்பினதில்ல" என்று பஜாரில் கேலி பேசினார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

குதிரைக்காரர் வயதானவர், முழங்காலில் வாதம். முதல் நாளே எங்களுக்குப் பாடம் சொன்னார்.

"மோளே, இவளுக்குக் கண்ணைவிடக் காலுக்குத்தான் ஞாபகம். எந்த வழில நடத்துதியோ அந்த வழியேதான் போவா. ஊர்வலம் போற வழிய டெய்லி காலைல நடத்திப் பழக்கு. பின்னே ஒரு காரியம். பொண்ணு வீட்டு வாசல்ல மாப்ள இறங்கணும்லா, அதுக்கு இவள அப்படித்தான் பழக்கியிருக்கு. ஒரு வாசல்ல நின்னுட்டா, மேல இருக்கவன் இறங்காம ஒரு அடி எடுக்க மாட்டா."

அப்பா, அம்மா, தலைவர் எல்லோரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். காலையில் வழியைப் பழக்கச் சொன்னதும் அவர்கள்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு ஒருத்தருக்கும் இது ஞாபகமில்லை.

கடைகள் திறக்கும் முன்னால் கிளம்புவோம். அக்கா குதிரை மேல், நான் பின்னால் நடந்து. குதிரைக்காரர் முதல் சில நாள் கயிறு பிடித்து வந்தார். பிறகு முழங்கால் வலி என்று பஜார் முக்கில் சாயாக்கடையில் உட்கார்ந்துகொள்வார். திரும்பும்போது கயிற்றை வாங்கிக்கொள்வார். ஈரத் தரையில் குளம்புச் சத்தம், கோடவுன் கதவிடுக்கிலிருந்து வரும் சுக்கு வாசனை, கயிற்றுச் சாக்குகளின் தூசி, குதிரையின் வியர்வை. அக்கா குதிரை மேல் நிமிர்ந்து உட்காருவாள். யாரும் பார்க்காத அந்த நேரத்தில்தான் அவள் எனக்கு ராணியாகத் தெரிந்தாள்.

யூதர்கள் குடியிருந்த ஜூ டவுனுக்குள் நுழைந்து ஒரு சந்து திரும்பினால் பூட்டிக் கிடந்த வீடு ஒன்று. வீட்டுக்காரர்கள் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். நீலப் பெயிண்ட் உரிந்த கதவு. வாசலில் அகலமான கல்படி, அதன் மேல் பக்கத்துச் சுவரிலிருந்து சாய்ந்த மாமரத்தின் நிழல். ஒரு நாள் அங்கே அக்கா குதிரையை நிறுத்தினாள். இறங்கினாள். படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலையைக் கதவில் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லட்டி. ஒண்ணும் கேக்காத. கொஞ்ச நேரம் இரு."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். காகம் கத்தியது. தூரத்தில் ஒரு படகின் மோட்டார். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து கிளம்பிவிட்டோம். மறுநாளும் அங்கே நின்றோம். அதற்கடுத்த நாளும். அவள் அந்தப் படியில் ஒன்றுமே செய்யவில்லை. பாட்டுக்கூட முணுமுணுக்கவில்லை. அப்போது அவள் முகத்தைப் பார்த்தால் சிரிப்பும் இருக்காது, சோர்வும் இருக்காது. வெறும் முகம் இருக்கும். அதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எதிரில் ஒரு சைக்கிள் கடை. அதை வைத்திருந்த மலையாளி அண்ணன், எங்களுக்குச் சேட்டன், சீக்கிரமே வந்து கடையைத் திறப்பார். குதிரைக்குத் தாகமாக இருக்குமே என்று ஒரு நாள் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பஞ்சர் பார்க்கும் வாளிதான், ஒரு பக்கம் நசுங்கியது. பிறகு தினமும் வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் பேசி நான் கேட்டதே இல்லை, நான் அவள் பக்கத்தை விட்டு நகர்ந்ததும் இல்லை.

ஊர்வல நாள் வந்தது. சந்துகள் முழுக்க ஜனம். பாண்டு வாத்தியம், பின்னால் மிளகு மூட்டை ஏற்றிய வண்டிகள், பள்ளிப் பிள்ளைகள், சங்கத்துக்காரர்கள். அப்பா புது வேட்டியில், தலைவருக்கு அடுத்த வரிசையில். பாண்டு கேட்டதும் குதிரைக்குக் கல்யாண ஞாபகம் வந்து கால் மாற்றி மாற்றி ஆட ஆரம்பித்தது. ஜனம் கை தட்டியது. அக்கா ஒரு கையால் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விடியும் முன்பே எழுந்து பலகாரம் சுட்டவள். முந்தின நாள் முழுக்க வெயிலில் நின்றவள். நான் அவள் காலுக்குப் பக்கத்தில் நடந்ததால் எனக்குத் தெரியும், சேணத்தின் கால்வளையத்தில் பாதத்தை ஊன்ற முடியாமல் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

சந்து திரும்பியதும் குதிரை நீலக் கதவுக்கு முன்னால் போய் நின்றது.

அக்கா குதிகாலால் தட்டினாள். நகரவில்லை. குதிரைக்காரர் முன்னால் ஓடி வந்து கயிற்றை இழுத்தார். நகரவில்லை. பின்னால் பாண்டுக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். வண்டி மாடுகள் முட்டிக்கொண்டன. அந்த நேரம் பார்த்துச் சைக்கிள் கடைச் சேட்டன் வெளியே வந்தார். கையில் நசுங்கிய வாளி. தினமும் செய்கிற காரியம், கை தானாகச் செய்துவிட்டது. ஊரே நிற்பதைப் பார்த்ததும் அவருக்கு வாளியைக் கீழே வைப்பதா, திரும்பக் கொண்டுபோவதா என்று தெரியவில்லை. குதிரை அவரைப் பார்த்துக் கனைத்தது.

ஜனத்தில் யாரோ சீட்டி அடித்தார்கள்.

"இறங்காதே மோளே, இறங்காதே!" என்று தலைவர் கத்தினார்.

இறங்காமல் குதிரை நகராது என்பது அக்காவுக்குத் தெரியும். இறங்கினாள். இறங்கியவள் மறுபடி ஏறியிருக்கலாம்; ஏறியிருந்தால் எல்லாம் ஒரு வேடிக்கையாகப் போயிருக்கும். அவள் இரண்டு கையாலும் கிரீடத்தைக் கழற்றினாள். படியில் போய் உட்கார்ந்தாள். கிரீடத்தைப் பக்கத்தில் வைத்தாள். தலையைக் கதவில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பாண்டு நின்றுவிட்டது. சேட்டன் கையிலிருந்த வாளியிலேயே வாயை வைத்துக் குதிரை தண்ணீர் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் வழக்கம்போல அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அன்று வீட்டில் நடந்ததை விரிவாக எழுத எனக்குத் தெம்பில்லை. அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உள்ளதச் சொல்லு. டெய்லி அங்கன போவீயளா?"

"ஆமாப்பா."

"கூட ஆரு?"

"நானும் அக்காவும்தான்."

"அங்கன என்ன செய்வீய?"

"சும்மா உக்காந்திருப்போம்."

"சும்மான்னா?"

"சும்மாதாம்ப்பா."

"வெறுதே உக்காருததுக்கு வீட்ல எடம் இல்லியா? வெறுதே உக்காருததுக்குக் குதிரையில ஏறிப் போவாளாக்கும் ஒருத்தி? பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்துருக்கா பாரு."

அம்மா அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அந்தச் சைக்கிள் கடைக்காரன் என்ன சொன்னான்? சொல்லித் தொலை!" அக்கா சொன்னாள், "எனக்குத் தளர்ச்சியா இருந்துச்சும்மா. அதான் உக்காந்தேன்." அம்மாவுக்கு அது திமிராகத் தோன்றியது. நினைத்துப் பார்க்கிறேன், அம்மாவும் அவள் வாழ்நாளில் பகலில் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தான் அறியாத ஒன்றை அவள் எப்படி நம்புவாள்?

குதிரைக்காரரைக் கேட்டார்கள். தினமும் சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் வேலை போய்விடும். "பாதி வழிவரை நானுண்டு, அதுக்கப்புறம் எனக்கு அறியில்லா" என்றார். சங்கத்தில் கூடிப் பேசி, விதிப்படி கிரீடத்தைத் திரும்ப வாங்கி, பஜாரில் இன்னொரு வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். ஏலக்காய் பாதி உதிர்ந்திருந்தது. சைக்கிள் கடைச் சேட்டனைச் சில பேர் போய் மிரட்டினார்கள். அவர் கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். ஒரு வாளித் தண்ணீருக்கு அந்த விலை.

தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். அதே மாமா முறை மாப்பிள்ளை. பஜாரின் கேலி பலித்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தவர்களும் உண்டு. அப்பா அதற்குப் பிறகு சங்கக் கூட்டத்துக்கே போகவில்லை. தன் மகளைக் காப்பாற்றிவிட்டதாகவே கடைசிவரை நம்பினார். அத்தான் கெட்டவர் இல்லை. ஆனால் பெரிய குடும்பம். மாமியார், நாத்தனார்கள், பிறகு பிள்ளைகள், பிறகு அத்தானின் நோய். கல்லூரி என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் மறுபடி கேட்கவில்லை. ஊருக்குப் போய் அவளைப் பார்க்கும்போதெல்லாம் கையில் ஏதாவது ஒரு பாத்திரம் இருக்கும். அத்தான் போன பிறகு மகன் அவளை எறணாகுளம் பக்கத்தில் காக்கநாட்டுக்குக் கூட்டி வந்துவிட்டான். பதினாலாவது மாடி. அங்கே பேரனைப் பார்த்துக்கொள்கிறாள்.

இந்த வருடம் அந்தப் பழைய வழக்கத்தை யாரோ தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். புதிய சங்கம், புதிய கிரீடம். கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்கள்கூடப் போட்டிக்கு வருகிறார்களாம். ஏதோ ஒரு பழைய போட்டோவில் அக்காவைப் பார்த்துவிட்டு, 'பழைய ராணி'யாக மேடைக்கு வர வேண்டும் என்று கேட்டார்கள். கிரீடம் பறிபோன கதை அவர்களுக்குத் தெரியாது. அக்கா வருகிறேன் என்றது எனக்கு ஆச்சரியம். மகன் காரில் அனுப்பினான். நான் இப்போது இருக்கும் தோப்பும்படியிலிருந்து போய்ச் சேர்ந்துகொண்டேன். பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, மிளகு பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் பழைய பேச்சை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தாள். சிரித்தாள். மேடையிலிருந்து இறங்கும்போது என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, அந்த வீடு இருக்கா?"

இருந்தது. கீழே பழம்பொருள் கடை ஆகிவிட்டது. கதவுக்குப் புதிதாக நீலம் அடித்திருக்கிறார்கள். வாசலில் பித்தளைக் குத்துவிளக்கும் உடைந்த நாற்காலியும் விற்பனைக்கு நின்றன. மாமரம் இல்லை. படி அப்படியே இருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அக்கா மெதுவாக உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். கடைப் பையன் வந்து, "எந்தா அம்மே வேணும்?" என்றான். ஒன்றும் வேண்டாம் என்றோம். எங்கள் நரையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அக்கா பொன்னாடையை மடித்துப் பக்கத்தில் வைத்தாள். கதவில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிரிப்பு போயிற்று. சோர்வும் போயிற்று. இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த முகம் வந்தது.

அப்போது அவளுடைய போன் அடித்தது. மகன்.

"அம்மா, ப்ரோக்ராம் முடிஞ்சுதுன்னு டிரைவர் சொல்றான். உங்களக் காணலைங்கிறான். எங்க இருக்கீங்க?"

"இங்கதான்டா, ஜூ டவுன்ல."

"அங்க என்ன பண்றீங்க?"

"சும்மா உக்காந்திருக்கேன்."

அவன் குரல் மாறியது. "சும்மான்னா? நெஞ்சு வலிக்குதா? ஆராவது ஏதாவது சொன்னாங்களா? கூட ஆரு?"

அக்கா கண்ணைத் திறக்காமலே போனை என்னிடம் நீட்டினாள்.

"நீ சொல்லுட்டி. அன்னைக்கும் நீதான சொன்ன."

வாங்கிக் காதில் வைத்தேன். "நானும் அக்காவும்தான்டா. சும்மாதான் உக்காந்திருக்கோம்" என்றேன்.

"சித்தி, அம்மாவத் தனியா விடாதீங்க. தண்ணி குடிக்கக் குடுங்க. டிரைவர் இப்ப வந்துருவான், நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்" என்றான்.

போனைப் பையில் போட்டேன். கார் வரும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.